வெங்காயத்துக்கு ஒரு நாள்காட்டி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அண்டை நாடுகளோடு வணிகம் பெருக வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பம் முதல் கடைசி வரை வரி சதவீதம், ஒப்பந்தம், உச்சி மாநாடு என்றே போகிறது. நான் 1993-லிருந்து 2024 வரை தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவர்களுக்காக கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுக்கிற இடத்தில், வேலை பார்த்தவன். கொழும்புக்குப் போகிற வெங்காயம், மிளகாய் வத்தல், நூல், அங்கிருந்து வருகிற மிளகு, கொட்டைப்பாக்கு, கிராம்பு என்று பில் போட்டே முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. அந்த மேஜையிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு விஷயம் உங்கள் தலையங்கத்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரி பத்து சதவீதம் என்றால் வியாபாரி அதை விலையில் சேர்த்துக்கொள்வார். இருபது என்றாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பார், கட்டுபடியாகவில்லை என்றால் வேறு சரக்குக்குப் போய்விடுவார். சரக்கு பாதி வழியில் இருக்கும்போது சட்டம் மாறினால் மட்டும்தான் அவரால் ஒன்றுமே செய்ய முடியாது. நம் பக்கத்து நாடுகளோடு நாம் செய்கிற வியாபாரத்தை, அவர்கள் நம்மோடு செய்கிற வியாபாரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இத்தனை வருடமாகக் கொன்றுகொண்டிருப்பது இந்தத் திடீர் உத்தரவுகள்தான்.

2023 டிசம்பர் 7 ராத்திரியை நான் மறக்க மாட்டேன். மறுநாளிலிருந்து வெங்காய ஏற்றுமதிக்குத் தடை என்று டெல்லியில் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள், அக்டோபர் கடைசியில் டன்னுக்குக் குறைந்தது 800 டாலர் என்று விலை வைத்தார்கள், அதையெல்லாம் தாக்குப்பிடித்து அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் ஆபீஸ் மூலம் போகவேண்டிய மூன்று லோடு நாசிக் வெங்காயத்தில் இரண்டு அதற்குள் யார்டுக்குள் வந்து கஸ்டம்ஸ் சிஸ்டத்திலும் ஏறிவிட்டதால் தப்பித்தது. அறிவிப்பு வருவதற்கு முன்னால் கஸ்டம்ஸிடம் ஒப்படைத்த சரக்கு ஜனவரி 5 வரை போகலாம் என்று ஒரு சலுகை இருந்தது. மூன்றாவது லாரி அந்த ராத்திரி திண்டுக்கல் பக்கம் வந்துகொண்டிருந்தது. நாசிக்கிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் போல ஓடி வந்துவிட்டது, இன்னும் நாலு மணி நேர ஓட்டம்தான் பாக்கி. அது கஸ்டம்ஸ் கணக்கில் இல்லாத சரக்கு, எனவே போகக் கூடாத சரக்கு.

டிரைவரை மதுரையிலேயே நிறுத்தச் சொல்லி, கீழமாரட் வீதியில் கிடைத்த விலைக்குத் தள்ளினோம். தடை என்ற செய்தி பரவியதுமே உள்ளூர் விலையும் இறங்கிவிட்டதால் கிலோவுக்கு பத்து ரூபாய்க்கு மேல் கையைக் கடித்தது. அந்த நட்டம் எங்கள் ஆபீஸுக்கு இல்லை, ஏற்றுமதி செய்தவருக்கு. அவர் பெரிய கம்பெனி எல்லாம் கிடையாது, மனைவியின் நகையை பாங்கில் வைத்து லோடு பிடிக்கிற ஆள். அவர் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பக்கம் கொழும்பு புறக்கோட்டை மொத்தச் சந்தையில் சரக்குக்காகக் காத்திருந்தவர் எனக்கு இருபது வருடப் பழக்கம். நான் அவரை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். அவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணாச்சி, சரக்கு வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க. வராதுன்னா நான் வேற இடத்துல பார்த்துக்குவேன்." எனக்குப் பதில் தெரியவில்லை. டெல்லியில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் மார்ச் 31 வரை என்று சொன்ன தடை மார்ச் கடைசியில் மறு உத்தரவு வரும் வரை என்று ஆனது, நடுவில் ஏப்ரலில் இலங்கைக்கு மட்டும் பத்தாயிரம் டன் என்று தனி அனுமதி வந்தது, மே 4-ஆம் தேதி தடையே எடுக்கப்பட்டது. அதற்குள் நானா பாகிஸ்தான் வெங்காயம் இறக்கப் பழகிவிட்டார். தடை எடுத்த பிறகு நம்மிடமும் வாங்கினார், ஆனால் முன்னைப் போல முழுக்க நம்மை நம்பி இல்லை. யார் இருப்பார்?

இதில் மனதை உறுத்துகிற விஷயம், இது முதல் தடவை அல்ல. 2019 செப்டம்பர் 29-ஆம் தேதி இதே மாதிரி தடை போட்டோம். அடுத்த சில நாட்களில் வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்தவர், வியாபாரிகள் கூட்டத்திலேயே, வெங்காயம் இல்லாமல் சமைக்கும்படி தன் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாகவும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு நாட்டிலிருந்து வாங்கியிருப்போம் என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், செய்தியும் சிரிப்புச் செய்தியாகவே வந்தது. அவர் சொன்னது சிரிக்கிற விஷயமே இல்லை. வெங்காயத்தைக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை, முன்னாலேயே சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். அதற்கு அடுத்த வருடம் 2020 செப்டம்பர் 14-ஆம் தேதி மறுபடியும் திடீர்த் தடை வந்தது. வங்கதேச எல்லையில் வெங்காய லாரிகள் வரிசையாக நின்று, மழையிலும் வெயிலிலும் சரக்கு அழுகியது.

சரி, நம்மை மட்டும் குறை சொல்லக் கூடாது. இலங்கையில் 2007-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, விசேஷ வியாபாரப் பண்ட அறவீடு என்பார்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, வத்தல் மாதிரி சாமான்களுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அமைச்சர் ஒரு கெசட் போட்டால் போதும், அன்று ராத்திரியிலிருந்தே அமல். இங்கே கப்பலில் ஏற்றும்போது ஒரு வரி, கொழும்பில் இறக்கும்போது வேறு வரி என்று என் சர்வீஸில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓட்டம் ஓர் இரவுதான். அந்த ஓர் இரவுக்குள் கூட சட்டம் மாறிவிடும் என்றால் எந்த ஒப்பந்தம் இருந்து என்ன பயன்?

அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தம்புள்ளை, மாத்தளைப் பக்கம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பெரிய வெங்காயம் அறுவடை. அந்த நேரத்தில் இந்திய வெங்காயம் மலிவாக வந்து இறங்கினால் அங்கே விவசாயி செத்தார். வெலிமடை உருளைக்கிழங்கும் அப்படித்தான். அவர் சம்சாரி, நம் ஊர் சம்சாரி மாதிரியே கடன் வாங்கிப் பயிர் வைத்தவர், அவரைக் காப்பாற்றுவது அந்த நாட்டு அரசின் கடமை. நம் ஊரில் வெங்காய விலை ஏறினால் இங்கே ஏழை வீட்டில் சமையல் திண்டாடும், அதனால் நம் அரசு தடை போடுகிறது, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்புள்ளையில் அறுவடை எந்த மாதம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே? ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரி கூடுதல், மற்ற மாதம் குறைவு என்று வருட ஆரம்பத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் அந்த விவசாயியும் பிழைப்பார், நம் ஏற்றுமதிக்காரரும் அந்த மூன்று மாதம் வேறு ஊருக்கு ஏற்றிக்கொள்வார். நமக்கும் அதேதான். நாசிக் பக்கம் லாசல்காவ்ன் வெங்காய மண்டியில் விலை இந்த அளவைத் தாண்டினால் இத்தனை நாள் கழித்து ஏற்றுமதி கட்டுப்படும், பக்கத்து நாடுகளுக்கு மாதம் இத்தனை டன் மட்டும் எப்போதும் உண்டு என்று முதலிலேயே எழுதி வைத்துவிடலாம். நான் கேட்பது இந்த நாள்காட்டியைத்தான்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. மின்சாரத்தில் நடந்திருக்கிறது. 2024 அக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்றும் ஒரு ஒப்பந்தம் போட்டன. நேபாளத்து நீர்மின்சாரம் 40 மெகாவாட் இந்தியக் கம்பி வழியாக வங்கதேசத்துக்குப் போகும், ஒவ்வொரு வருடமும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை, ஐந்து வருடத்துக்கு. மழைக்காலத்தில் நேபாள ஆறுகளில் தண்ணீர் மிஞ்சும், அந்த மாதங்களைத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்த நவம்பர் 15-ஆம் தேதியே, அந்த வருடத்துக்கான கடைசி நாளில், முதல் தடவையாக மின்சாரம் போனது. 40 மெகாவாட் என்பது சின்ன அளவு, ஒரு பெரிய ஊருக்குக் கூடக் காணாது. ஆனால் தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. அந்த மூன்று நாடுகளுக்குள் அந்தச் சமயத்தில் அரசியல் சுமுகமாகவா இருந்தது? இல்லை. அப்படியும் அடுத்த ஜூனில் மறுபடி மின்சாரம் போனது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2025 ஏப்ரலில், வங்கதேசச் சரக்கு நம் துறைமுகம், விமான நிலையம் வழியாக மூன்றாவது நாட்டுக்குப் போவதற்கு இருந்த வசதியை நாம் நிறுத்தினோம். ஒரு வாரத்துக்குள் அவர்கள் தரைவழியாக நம் பருத்தி நூல் வருவதை நிறுத்தினார்கள். மே மாதம் நாம் அவர்களுடைய ஆயத்த ஆடை தரைவழியே வரக் கூடாது, கொல்கத்தா, மும்பைப் பக்கத்து நவசேவா துறைமுகம் வழியாக மட்டும் வரலாம் என்றோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள், இரண்டு பக்கமும்தான். நூல் மில்லில் ஸ்பிண்டில் ஓட்டுகிற தொழிலாளிக்கும் டாக்காவில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் அந்தக் காரணத்தால் என்ன ஆகப்போகிறது? அவர்களுக்குத் தெரிவதெல்லாம் இந்த வாரம் ஷிப்ட் இல்லை என்பதுதான்.

உங்கள் தலையங்கத்தில் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் பற்றி எழுதியிருந்தீர்கள். 1985-இல் டாக்காவில் தொடங்கினார்கள். தடையில்லா வணிகத்துக்கான சாஃப்டா (SAFTA) ஒப்பந்தம் 2004-இல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி 2006-இல் அமலுக்கு வந்தது. கடைசி உச்சி மாநாடு 2014 நவம்பர், காத்மாண்டு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்கிற வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் ஐந்து சதவீதம் போல்தான், தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் கூட்டமைப்பு நாடுகளில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தெற்காசிய நாடுகளுக்குள் நடக்கிற 2,300 கோடி டாலர் வணிகம் 6,700 கோடி டாலராக இருக்கவேண்டியது என்று உலக வங்கி 2018-இல் கணக்குச் சொன்னது. இந்த எண்களை எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதினீர்கள். ஆனால் இந்தியாவும் பாகிஸ்தானும் சமாதானமாகிற வரைக்கும் எதுவும் நடக்காது என்று கை கட்டி உட்காருவதில் எனக்குச் சம்மதம் இல்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் இஸ்லாமாபாத் எங்கே வந்தது?

இந்திய இலங்கை தடையில்லா வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தானது, 2000 மார்ச் 1 முதல் அமல். நான் அப்போது ஆபீஸில் சேர்ந்து ஏழு வருடம். முதலாளி எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னால் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த சரக்கு வருடத்துக்கு ஐந்து கோடி டாலருக்குள். அது பல மடங்கு ஏறியது உண்மை. ஆனால் எதனால் ஏறியது என்று பார்க்க வேண்டும். மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயிலை இலங்கை குறைந்த வரியில் இறக்கும், அங்கே வனஸ்பதியாக்கி வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பும். செம்பும் அப்படியே, பழைய செம்பை வாங்கி உருக்கி இங்கே அனுப்புவது. ஆலை வைத்தவர்களில் பலர் இந்தியர்கள்தான். ஒரு கட்டத்தில் இலங்கை நமக்கு அனுப்பியதில் பெரும்பகுதி இந்த இரண்டுமாகவே இருந்தது. அப்புறம் நாம் வனஸ்பதிக்கு இரண்டரை லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தோம், நம் பாமாயில் வரியும் மாறியது, ஆலைகள் மூடிக்கொண்டு போயின. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வரி வித்தியாசத்தை நம்பி வந்த தொழில் அந்த வித்தியாசம் போனதும் போய்விட்டது. ஆனால் அதைப் பார்த்த இலங்கைக்காரர்கள், இந்தியாவோடு ஒப்பந்தம் என்றால் இப்படித்தான் முடியும் என்று எடுத்துக்கொண்டார்கள். 2008-இல் விரிவான ஒப்பந்தம் கையெழுத்தாகிற நேரத்தில் பின்வாங்கினார்கள். அதற்குப் பதிலாக வேறு பெயரில் 2016-இல் தொடங்கிய பேச்சு 2018-இல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. அவர்களுடைய பயத்தை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டு கோடிச் சொச்சம் பேர் இருக்கிற நாடு, நூற்று நாற்பது கோடி பேர் இருக்கிற நாட்டோடு கையெழுத்துப் போடும்போது பயப்படத்தான் செய்யும்.

மிளகு கதை இன்னும் வேதனை. மாத்தளை, கண்டிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் நாலு கொடி, பத்துக் கொடி வைத்திருக்கிற குடும்பங்கள் ஏராளம். ஒப்பந்தப்படி வருடத்துக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் இந்தியாவுக்கு வரலாம். இதைப் பயன்படுத்தி வியட்நாம் மிளகைக் கொண்டுவந்து இலங்கை மிளகு என்று சர்டிபிகேட் வாங்கி இங்கே தள்ளுகிறார்கள் என்று குடகு, வயநாட்டு விவசாயிகள் கத்தினார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது, அப்படிப்பட்ட சரக்கை நானே பார்த்திருக்கிறேன், மணியைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் கீழே இறக்குமதி கூடாது என்று நம் அரசு உத்தரவு போட்டது. திருட்டுத்தனம் செய்தது இடைத்தரகர், அடி வாங்கியது மாத்தளையில் கொடி வைத்திருந்த பெண். எந்த நாட்டு மிளகு என்று கண்டுபிடிக்க இன்று பரிசோதனை வசதி இருக்கிறது, விளைச்சல் எவ்வளவு என்ற கணக்கும் இரண்டு நாட்டு அதிகாரிகளிடமும் இருக்கிறது. அதை வைத்துத் திருடனைப் பிடித்திருக்கலாம். கதவையே சாத்துவது சுலபம் என்று சாத்திவிட்டோம்.

கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2020-ஐ ஒட்டி இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. உள்நாட்டிலேயே விளைவிக்கலாம் என்று நினைத்தார்கள், டாலரும் கையில் இல்லை. அங்கே மஞ்சள் விலை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போனது. ஈரோட்டில் நூறு ரூபாய் சுற்றி விற்ற மஞ்சள், ராத்திரியில் ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து நாட்டுப்படகில் மூட்டை மூட்டையாகப் போனது. பீடி இலையும் அதே வழி, அது இன்னும் நிற்கவில்லை, வாரத்துக்கு ஒரு தடவையாவது பிடித்தார்கள் என்று உங்கள் நாளிதழிலேயே செய்தி வருகிறது. பிடிபடுகிறவர்கள் யார்? கூலிக்குப் படகு ஓட்டுகிற மீனவப் பையன்கள். சரக்கு அனுப்பியவர் பெயர் செய்தியில் வருவதே இல்லை. பகலில் பில் போட்டு, வரி கட்டி, கப்பலில் போகவேண்டிய சாமான் அது. சின்ன வயதுப் பையன்கள் அதற்காக ஜெயிலுக்குப் போகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

லேப் பரிசோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் இலங்கையிலிருந்து ஒரு சின்னத் தொழில்காரர் விளாம்பழ ஜாம் கொஞ்சம் அனுப்பினார், முதல் தடவை, பார்த்துப் பார்த்து லேபிள் ஒட்டியிருந்தார். சாம்பிள் எடுத்தார்கள். ரிசல்ட் வர ஆறு வாரம் ஆனது. ஆறு வாரமும் கண்டெய்னருக்கு வாடகை, யார்டுக்கு வாடகை. ஜாமில் ஒரு குறையும் இல்லை என்றுதான் ரிசல்ட் வந்தது, அதற்குள் வாடகை ஜாமின் விலையைத் தாண்டிவிட்டது. அவர் அப்புறம் அனுப்பவே இல்லை. அந்த ஜாமுக்கு ஒப்பந்தப்படி வரி எவ்வளவு என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? அங்கே ஒரு அங்கீகாரம் பெற்ற லேப் சோதித்துக் கொடுத்த சான்றிதழை இங்கே ஏற்றுக்கொண்டு, நூற்றில் ஐந்து சாம்பிளை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். நம் வத்தலுக்கும் அங்கே அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இதையெல்லாம் முயன்று பார்த்திருக்கிறார்கள். கென்யா, உகாண்டா எல்லையில் புசியா என்று ஒரு ஊர். தலையில் கூடை வைத்துக்கொண்டு எல்லை தாண்டி வியாபாரம் செய்கிற பெண்கள் நிறைய. அவர்களுக்காக, 2,000 டாலருக்குள் இருக்கிற உள்ளூர்ச் சரக்குக்கு ஒரு சின்னப் படிவம், எல்லையிலேயே கையெழுத்து, கிளியரிங் ஏஜென்டே வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். என் தொழிலுக்கே வேலை இல்லாமல் செய்கிற ஏற்பாடுதான், ஆனாலும் அது நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன். மொம்பாசா துறைமுகத்திலிருந்து கம்பாலாவுக்குச் சரக்குப் போக பதினெட்டு நாள் ஆனது, இறங்குகிற இடத்திலேயே ஒரே தடவை வரி கட்டினால் போதும் என்று மாற்றிய பிறகு நாலைந்து நாளாகக் குறைந்தது. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக இல்லை. ருவாண்டா, உகாண்டாவோடு சண்டை போட்டு 2019-இல் கட்டுனா எல்லையை மூடியது, திறக்க 2022 ஜனவரி ஆனது. 2021 மார்ச்சில் பூஞ்சை நச்சு இருக்கிறது என்று சொல்லி உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்துக்குக் கென்யா ஒரே நாளில் தடை போட்டது. நம் வெங்காயத் தடை மாதிரியே. ஆனால் சில நாளிலேயே பேசி, சான்றிதழோடு வந்தால் அனுமதி என்று மாற்றிக்கொண்டார்கள். சண்டை வந்தாலும் உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. நமக்கு அப்படி ஓர் இடம் இல்லை, தடை வந்தால் தூதரகத்துக்குக் கடிதம் போடுவதுதான்.

அதே நேரம், எந்தக் கையெழுத்தும் இல்லாமல் தூத்துக்குடியும் கொழும்பும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன என்று வெளியே தெரிவதில்லை. இங்கிருந்து திருப்பூர் பனியனும் கரூர் படுக்கை விரிப்பும் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கேதான் பெரிய கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போகிறது. கொழும்பில் கைமாறுகிற கண்டெய்னரில் பெரும்பங்கு இந்தியச் சரக்கு. ஏன் இது மட்டும் பல வருடமாகத் தடையில்லாமல் ஓடுகிறது? இதில் ராத்திரி உத்தரவு கிடையாது. கப்பல் வரும் நாள், போகும் நாள், கட்டணம் எல்லாம் முன்னாலேயே தெரியும். இப்போது கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்திருக்கிறது, போட்டி வரும், வரட்டும். எனக்கு அதில் பயம் இல்லை.

1906-இல் வ.உ.சி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரை நசுக்கப் பார்த்தது. எங்கள் ஊரில் அந்தக் கதை தெரியாத பிள்ளை இல்லை. அதே வழியில் 2011 ஜூனில் பயணிகள் கப்பல் விட்டார்கள், அந்த வருடம் முடிவதற்குள் நின்றுவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் விட்டது சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. கப்பல் ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது என்றால் யாழ்ப்பாணத்து வியாபாரி அதை நம்பி எப்படிக் கடை நடத்துவார்?

2022-இல் இலங்கையில் பெட்ரோலுக்கும் பால்பவுடருக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது இந்தியா நானூறு கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்து அனுப்பியது. எங்கள் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது, லோடுமேன்கள் அன்று வேலை செய்த வேகத்தை நான் வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை. நானா அன்றைக்குப் போனில் அழுதார். பதினெட்டு மாதம் கழித்து அதே நானாவிடம்தான் வெங்காயம் வருமா வராதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கஷ்டகாலத்தில் அரிசி கொடுக்கிற மனசு இருக்கிற நமக்கு, சாதாரண நாளில் முப்பது நாள் முன்னால் ஒரு தகவல் சொல்ல முடியாதா?

எனவே பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களிடம் உங்கள் நாளிதழ் மூலம் இதைக் கேட்கிறேன். பெரிய ஒப்பந்தம் முடிகிறபோது முடியட்டும். அதற்கு முன்னால் வெங்காயம், உருளைக்கிழங்கு, வத்தல், பருப்பு, மிளகு, மஞ்சள் இந்த ஆறு சாமானுக்கு மட்டும் ஒரு வருட நாள்காட்டி இரண்டு நாடும் சேர்ந்து போடுங்கள். எந்த மாற்றம் செய்தாலும் முப்பது நாள் அவகாசம் கொடுங்கள். அவசரம் என்று அதையும் மீற வேண்டி வந்தால், தோட்டத்திலோ மண்டியிலோ பில் போட்டு லாரி கிளம்பிவிட்ட சரக்கைப் போக விடுங்கள். இன்று ஈ-வே பில் இருக்கிறது, லாரி எத்தனை மணிக்கு எங்கே கிளம்பியது என்று கம்ப்யூட்டரிலேயே தெரிகிறது, பொய் சொல்ல வழியில்லை. அந்த திண்டுக்கல் லாரிக்கும் ஈ-வே பில் இருந்தது.

உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். உங்கள் வணிகப் பக்கத்தில் தங்கம், டாலர், பங்குச்சந்தை தினமும் போடுகிறீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது லாசல்காவ்ன் வெங்காய விலை, தம்புள்ளை விலை, புறக்கோட்டை விலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், அந்த வாரம் இரண்டு நாட்டிலும் என்ன வரி இருக்கிறது என்பதையும் கீழே ஒரு வரியில் சேர்த்து. நாலு விரற்கடை இடம் போதும். முதல் வாரத்துக்கு வேண்டிய விலைகளை நானாவிடம் கேட்டு நானே எழுதி அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளியரிங் ஆபீஸ் ஊழியர்,
தூத்துக்குடி